வெளிச்சுவர் ஓவியங்களும் நம் கடமையும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விடுமுறை நாட்களில் மாணவர்கள் அறிவுக்கும் ஊருக்கும் பயன்படத்தக்க வகையில் ஆற்றக்கூடிய பணி ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தின் செயலாளர் என்னைப் பணித்தார்கள். நெடிது எண்ணிப் பார்த்து, நம் நகரத்தின் வெளிச்சுவர்களில் தீட்டப்பட்டுள்ள ஓவியங்களைத் தேடிச் சென்று புகைப்படம் எடுத்து, குறிப்புகளுடன் பதிவு செய்து வைக்கும் பணியைத் தேர்ந்தெடுத்தேன்.

"கல்வி உதவித்தொகை, விடுதி வசதி, உயர்கல்விச் சேர்க்கை என்று எத்தனையோ கவலைகள் இருக்க, தலைமையாசிரியர் சுவரைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே" என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் எண்ணுவது நியாயமே. ஆயினும், கற்றவர் கடமை தாம் முன்னேறுவதோடு முடிந்துவிடுவதில்லை. தம் மக்கள் கண்டது, செய்தது, படைத்தது ஆகியவற்றைக் குறித்து வைப்பதும் அவர்தம் கடமையே ஆகும். இவ்வெள்ளி விழா மலருக்குப் படங்கள் தேடியபோது, தொடக்க காலத்து மாலை வகுப்புகள் நடந்த இடத்தின் படம் ஒன்றேனும் கிடைக்குமா என்று பொறுப்பாளர்கள் எத்தனை வீடுகளின் கதவைத் தட்டினார்கள் என்பதை நான் அறிவேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேயே இந்நிலை என்றால், ஐம்பது, நூறு ஆண்டுகளுக்குப் பின் என்ன எஞ்சும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

சுவரும் நாமும்

சுவர் என்னும் சொல் எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருவதன்று. பிறர்க்கு அது காவல். நமக்கோ பல நேரங்களில் அது தடை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பை ஊரிலிருந்து பிரித்து நின்ற நெடுஞ்சுவரின் ஒரு பகுதி, 2008-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் அரசால் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்ற சுவர் அது. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலை, மழையில் நனைந்திருந்த ஓர் உயரமான சுற்றுச்சுவர் ஏழை மக்களின் வீடுகள் மீது சரிந்து 17 உயிர்களைக் குடித்தது. பிரிக்கின்ற சுவரையும் கண்டோம், நம் மீதே விழுகின்ற சுவரையும் கண்டோம்.

உத்தப்புரத்துச் சுவர் அவ்வூர் மக்களுக்குப் புதிய செய்தியன்று. அன்றாடம் அவர்கள் கண்டுவந்த ஒன்றே. நாளிதழ்களில் அதன் படமும் செய்தியும் வெளிவந்த பின்னரே நாடு அதனைக் கண்டது. ஆகவே, ஒரு சுவரைப் படமெடுத்தல் என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. சான்று சேர்க்கும் செயலும் ஆகும் என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளுங்கள்.

உட்சுவரும் வெளிச்சுவரும்

தமிழகம் ஓவியத்திற்குப் பெயர் பெற்ற நாடு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மீது வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டமையால் அவை மறைந்து கிடந்தன. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் மேற்பூச்சின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சூழ்ந்த மண்டபச் சுவர்களிலும் திருவிளையாடற் காட்சிகள் தீட்டப்பட்டிருந்தன.

இவையெல்லாம் உட்சுவர் ஓவியங்கள். அவற்றைக் காண உள்ளே செல்லும் உரிமை வேண்டும். மதுரைக் கோயிலுக்குள் நம் மக்கள் சிலர், பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன் அவர்கள் உட்பட, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவு அதிகாரச் சட்டம் வந்தது 1947-இல். சுவரைக் கட்டக் கல் சுமந்தவர் கை நம்முடையது. அச்சுவரில் உள்ள ஓவியத்தைக் காணும் பேறு நம் கண்ணுக்கு இல்லாதிருந்தது.

வெளிச்சுவர் ஓவியமோ நுழைவு உரிமை கேட்பதில்லை. கட்டணச் சீட்டும் கேட்பதில்லை. மூட்டை சுமப்பவரும், தெருக் கூட்டுபவரும், பள்ளிக்குச் செல்லும் சிறுமியும் நின்று பார்க்கலாம். ஓவியக் கலையின் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. ஆனால் எல்லார்க்கும் திறந்திருப்பதாலேயே வெயிலுக்கும் மழைக்கும் அது இலக்காகிறது. சுவரொட்டி அதனை மறைக்கிறது. வெள்ளையடிப்பு அதனை அழிக்கிறது. தஞ்சையில் மேற்பூச்சின் அடியில் பழைய ஓவியம் பிழைத்திருந்தது போல, தெருச் சுவரில் பிழைத்திருக்கும் என்று நம்புவதற்கில்லை. அங்கே சுவரே இடிக்கப்பட்டுவிடும்.

சிக்காகோ நகரத்துச் சுவர்

இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டை அமெரிக்க நாட்டிலிருந்து கூற விரும்புகிறேன். அந்நாட்டுக் கறுப்பின மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு புதியதன்று. அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார்; அவரும் மறுமொழி விடுத்தார். 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் அந்நாட்டுக் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் பெயரையே தழுவிப் பெயர் பெற்றது.

சிக்காகோ நகரின் தென்பகுதியில், 43-ஆம் தெருவும் லாங்லி சாலையும் சந்திக்கும் இடத்தில், ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில், பழுதுற்ற கட்டிடம் ஒன்று இருந்தது. 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வில்லியம் வாக்கர் என்னும் ஓவியரும் அவருடைய நண்பர்களும் அக்கட்டிடத்தின் வெளிச்சுவரில் தம் மக்களின் பெருமைக்குரியோர் உருவங்களைத் தீட்டினார்கள். அதற்கு 'மதிப்பிற்குரிய சுவர்' எனப் பொருள்படும் பெயர் வழங்கியது. அரசியல், சமயம், இலக்கியம், இசை, நாடகம், விளையாட்டு எனச் சுவர் பல பகுதிகளாக வகுக்கப்பட்டது. மால்கம் எக்ஸ், குத்துச்சண்டை வீரர் முகமது அலி, கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ், நான் முன்னர்க் கூறிய டு பாய்ஸ் ஆகியோர் அதில் இடம் பெற்றனர். ஓவியர்களோடு புகைப்படக் கலைஞர்களும் அக்குழுவில் இருந்தார்கள்; அவர்கள் எடுத்த படங்களும் சுவரிலேயே பொருத்தப்பட்டன. நகராட்சியோ செல்வரோ பணித்துத் தீட்டிய ஓவியம் அன்று அது. யாரை மதிக்க வேண்டும் என்பதை அம்மக்கள் தாமே முடிவு செய்த சுவர்.

ஆனால் கருத்து வேறுபாடு அங்கும் இல்லாமற் போகவில்லை. அரசியல் தலைவர்களைக் காட்டும் பகுதியை முதலில் தீட்டியவர் நார்மன் பாரிஷ் என்பவர். அதே ஆண்டிலேயே அப்பகுதி வெள்ளையடிக்கப்பட்டு, யூஜீன் ஈடா என்னும் வேறோர் ஓவியரால் மீண்டும் தீட்டப்பட்டது. 1971-இல் கட்டிடம் தீக்கு இரையானது; பின்னர் இடித்து அகற்றப்பட்டது. நான்கு ஆண்டு அளவே வாழ்ந்த ஓவியம் அது. எனினும் அதைக் கண்டு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மக்கள் தத்தம் தெருச் சுவர்களில் தம் வரலாற்றைத் தீட்டத் தொடங்கினார்கள்.

இன்று அச்சுவரைப் பற்றி நூல்கள் எழுதப்படுகின்றன. சுவர் இல்லை, அழிக்கப்பட்ட முதற் பகுதியும் இல்லை. பின் எப்படி எழுத முடிகிறது? ராபர்ட் செங்ஸ்டாக் போன்ற புகைப்படக் கலைஞர்கள் அன்றே படமெடுத்து வைத்தார்கள். எந்த முகம் எங்கே இருந்தது, எது எப்போது மாற்றப்பட்டது, சுவர் முன்னே கூடி நின்ற மக்கள் எப்படி நோக்கினார்கள் என்பதெல்லாம் அப்படங்களால்தான் தெரிகிறது. ஓவியர் படைத்ததைப் புகைப்படக் கலைஞர் காத்தார் எனலாம்.

நம் நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் நடத்திய 'தமிழன்' இதழின் எழுத்துகள் நெடுங்காலம் பொதுவுலகின் பார்வைக்கு வாராதிருந்தன. அவ்விதழ்களை நம் பெரியவர்கள் சிலர் தம் வீடுகளில் பழங்காகிதம் என்று தள்ளிவிடாமல் காத்து வைத்திருந்தமையால், 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுத்து வெளியிட முடிந்தது. பேணி வைப்பவர் இல்லையேல் வரலாறு இல்லை.

நம் நகரச் சுவர்கள்

இனிச் சென்னை நகருக்கு வருவோம். இங்குள்ள வெளிச்சுவர் ஓவியங்களை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதல் வகை, அரசும் மாநகராட்சியும் தீட்டச் செய்தவை. சுவர்களில் கண்டபடி எழுதுவதையும் ஒட்டுவதையும் தடுக்க 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எனினும் சுவரொட்டிகள் குறையவில்லை. 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் மாநகராட்சி அண்ணா சாலை முதலிய இடங்களில் சுவரொட்டிகளை அகற்றி, மறுபடியும் ஒட்டாதிருக்கும் பொருட்டு ஓவியங்களைத் தீட்டச் செய்தது. ஃபிளெக்ஸ் விளம்பரம் வந்தபின் வேலையிழந்திருந்த திரைப்பட பேனர் ஓவியர்கள் பலருக்கு அப்போது வேலை கிடைத்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலம் சதுரங்கக் கட்டங்களாக வண்ணம் பூண்டதையும் நீங்கள் அறிவீர்கள்.

இரண்டாம் வகை, கலை அமைப்புகளும் வண்ண நிறுவனங்களும் அரசுத் துறைகளும் இணைந்து செய்தவை. பறக்கும் ரயிலின் இந்திரா நகர் நிலையச் சுவரில் 2021-இல் ஏ-கில், காத்ரா என்னும் பெயர்களில் வரையும் ஓவியர்கள் பலதரப்பட்ட மனிதர்களின் முகங்களைப் பேருருவாகத் தீட்டினார்கள். எச்.ஐ.வி. தொற்றுடையோரை ஒதுக்கலாகாது என்பதை உணர்த்த எழுந்த ஓவியம் அது. முகத்தைக் கண்டு எவர் ஒதுக்கத்தக்கவர் என்று எவராலும் கூற முடியாது என்னும் கருத்தை, தீண்டாமையின் கொடுமையை அறிந்த நாம் பிறரினும் விரைவாகப் புரிந்துகொள்வோம்.

இவ்வகையில் மிகுதியும் பேசப்படுவது கண்ணகி நகர். துரைப்பாக்கத்தை அடுத்துள்ள அப்பகுதி, நகரின் பல இடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடிசைவாழ் மக்களைக் குடியேற்றுவதற்காக 2000-ஆம் ஆண்டு முதல் உருவானது. பதினையாயிரத்திற்கும் மேற்பட்ட சிறு வீடுகள் கொண்ட அக்குடியிருப்பை அமைத்த குடிசை மாற்று வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2020-இல் அங்குள்ள அடுக்குமாடிக் கட்டிடங்களின் பக்கச் சுவர்களில் நம் நாட்டு ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். அதன்பின் புகைப்படக் கருவியுடன் பலர் அங்கு வரத் தொடங்கினார்கள்.

இங்கே நாம் இரண்டு உண்மைகளையும் ஒருங்கே கூற வேண்டும். கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை கிடைப்பதில்லை என்று அவ்வூர் இளைஞர் வருந்திய செய்திகள் நாளிதழ்களில் பலமுறை வந்துள்ளன. அப்பெயரை நாட்டினர் வேறொரு காரணத்திற்காகவும் அறியுமாறு செய்த ஓவியங்களை நாம் இகழ்ந்து பேச வேண்டியதில்லை. ஆயினும், வெளிச்சுவரில் வண்ணம் ஏறியதனால் வேலை செய்யும் இடம் அருகில் வந்துவிடுவதில்லை. இழந்த பழைய வாழிடம் திரும்பி வருவதுமில்லை. படமெடுப்பவர் ஓவியத்தை மட்டும் எடுத்து, அதன் கீழே தண்ணீர்க் குடங்களுடன் நிற்கும் தாய்மாரை வெட்டிவிட்டால், அப்படம் பாதி உண்மையே. அவ்வூர் மக்களின் பெருமை சுவரோடு நிற்பதும் அன்று. 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் ஆடிய கார்த்திகா, அக்கண்ணகி நகரின் மகளே ஆவார்.

மூன்றாம் வகை, நம் மக்கள் தாமே தீட்டிக்கொண்டவை. நீல நிறக் கோட்டு அணிந்து, ஒரு கையில் அரசியலமைப்பு நூலை ஏந்தி, மறு கையால் வழி காட்டும் அண்ணலின் உருவம் எத்தனை குடியிருப்புகளின் முகப்பில் உள்ளது! அவரோடு அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோர் முகங்களும் சில இடங்களில் உண்டு. இவற்றை எந்த நிறுவனமும் பணித்து வரையச் செய்யவில்லை. தெருவினர் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்து, ஊர் பெயிண்டரை அழைத்து, ஏப்ரல் 14-க்குள் முடிக்க வேண்டும் என்று இரவிலும் விளக்கு வைத்து வரையச் செய்தவை. கலை நூல்கள் எவையும் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை; பார்வையாளர் எவரும் இவற்றைத் தேடி வருவதில்லை. முதலில் அழிவனவும் இவையே.

சுவர் ஒன்று யாருக்கு உரியது என்னும் கேள்வி வடசென்னையில் எத்துணைக் கூர்மையானது என்பதை, பா. ரஞ்சித் இயக்கிய 'மெட்ராஸ்' திரைப்படம் 2014-இல் காட்டியது. கட்சித் தலைவர் ஒருவரின் படம் தீட்டப்பட்ட சுவரே அக்கதையின் மையம்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். குடியிருப்பின் பொதுக்கூடச் சுவரில், அவ்வூரிலேயே பிறந்த பெயிண்டர் ஒருவர் அண்ணலின் உருவத்தை வரைந்திருந்தார். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் அதைக் கடந்தே செல்வார்கள். சாலையை அகலப்படுத்தியபோது அச்சுவர் இடிக்கப்பட்டது. வரைந்தவரும் சில ஆண்டுகளில் காலமானார். அவர் மகன், தந்தையின் கைவண்ணத்தைத் தன் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று ஊரெங்கும் கேட்டார். கடைசியில் ஒரு திருமணத் தொகுப்பில் கிடைத்தது. மணமக்களின் பின்னே, மாலைக்கும் பந்தற்காலுக்கும் இடையே, அண்ணலின் கண்ணாடியும் பாதி முகமும் மட்டும் தெரிந்தன. அவ்வோவியத்தின் வரலாறு இன்று அவ்வளவே. அவ்வூரில் படித்த இளைஞர் இல்லாமல் இல்லை; கைப்பேசி இல்லாமலும் இல்லை. இது குறித்து வைக்கத்தக்கது என்னும் எண்ணந்தான் எவருக்கும் தோன்றவில்லை.

தேடும் முறையும் எடுக்கும் முறையும்

மாணவர்களே, இனிச் செயல்முறையைக் கூறுகிறேன். குறித்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, தேடுதல். பெருஞ்சாலையில் வண்டியில் சென்றால் பெருஞ்சாலை ஓவியங்களே கண்ணிற் படும். நடந்து செல்ல வேண்டும். இருப்புப்பாதை ஓரம், மேம்பாலத் தூண்கள், பள்ளிச் சுற்றுச்சுவர்கள், நியாயவிலைக் கடைகள், பொதுக்கழிப்பிடங்கள், குடியிருப்பு நுழைவாயில்கள் ஆகியவற்றைப் பாருங்கள். தேநீர்க் கடைக்காரரையும் ஆட்டோ ஓட்டுநரையும் கேளுங்கள். ஓவியத்தின் கீழ் மூலையில் 'ஆர்ட்ஸ்' என்று முடியும் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும்; அதுவே ஓவியரைக் கண்டறியும் வழி. அவர் உயிரோடிருந்தால் நேரிற் சென்று, எந்த ஆண்டில், யார் கேட்டு, என்ன வண்ணத்தில் வரைந்தார், என்ன கூலி பெற்றார் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு முதிய ஓவியரின் நினைவு, சுவரினும் விரைவில் மறையக்கூடியது.

இரண்டாவது, ஒளி. கிழக்கு நோக்கிய சுவரைக் காலையிலும் மேற்கு நோக்கிய சுவரைப் பிற்பகலிலும் எடுங்கள். உச்சி வெயிலில் வண்ணம் வெளுத்துத் தோன்றும். மரக்கிளையின் நிழல் முகத்தைக் கீறும். மேகம் மூடிய நாள் மிக நன்று.

மூன்றாவது, நிலை. ஓவியத்தின் நடுவிற்கு நேர் எதிரே நின்று, கைப்பேசியைச் சாய்க்காமல் பிடியுங்கள். அண்ணாந்து எடுத்தால் சுவர் மேலே குறுகித் தோன்றும். பின்வாங்கிச் சென்று எடுங்கள். நீண்ட சுவராயின் இடமிருந்து வலமாக, ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வருமாறு பகுதி பகுதியாக எடுங்கள். ஒவ்வோர் ஓவியத்திற்கும் குறைந்தது நான்கு படங்கள் வேண்டும். தெருவும் வீடுகளும் தெரிய ஒன்று. ஓவியம் முழுமையும் ஒன்று. முகம், கை போன்ற நுண்பகுதி ஒன்று. எழுத்தும் ஓவியர் பெயரும் ஒன்று.

நான்காவது, குறிப்பு. குறிப்பில்லாத படம் பெயரில்லாத பிள்ளை போன்றது. தெருவின் பெயர், சுவருக்கு உரியவர், சுவர் நோக்கும் திசை, அடிக் கணக்கில் நீள அகலம், எடுத்த நாள், ஓவியர் பெயர், ஓவியத்தில் உள்ளோர் பெயர், எழுதப்பட்ட வாசகம், அழிந்துள்ள பகுதி, அத்தெருவில் வாழும் முதியவர் ஒருவர் அதைப் பற்றிச் சொல்வது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கைப்பேசி நாளையும் இடத்தையும் தானே பதிவு செய்துகொள்ளும் என்று எண்ணி வாளாவிருக்க வேண்டா. வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பியவுடன் அக்குறிப்பு நீங்கிவிடும். படமும் தரம் குன்றிவிடும். மையால் எழுதிய எழுத்தே உறுதி.

ஐந்தாவது, எண்ணிப் பார்த்தல். நூறு ஓவியங்கள் சேர்ந்த பின் பட்டியல் போடுங்கள். எத்தனை சுவர்களில் அரசர், எத்தனையில் நடனமாது, எத்தனையில் உழைப்பாளி? பறை இசைப்பவர் எத்தனை இடத்தில் உள்ளார்? துப்புரவுப் பணியாளர் எத்தனை இடத்தில் உள்ளார்? பெண் ஒருத்தி புத்தகத்துடன் எத்தனை இடத்தில் நிற்கிறாள்? நகரம் எவரைத் தன் முகமாகக் காட்ட விரும்புகிறது என்பதை அப்பட்டியல் உங்களுக்குச் சொல்லும். இது சமூகவியல் பாடம். எந்த வகுப்பறையிலும் இதனை இவ்வளவு தெளிவாகக் கற்பிக்க இயலாது.

மீறலாகாத நெறிகள்

இப்பணிக்கு ஒழுக்கமும் உண்டு. ஏழையின் வீட்டுச் சுவர் தெருவை நோக்கி இருப்பதனால், அவர் வீடும் தெருவுக்கு உரியதாகிவிடாது. வாசலில் அமர்ந்திருப்போரிடம் முதலில் வணங்கிக் கேளுங்கள். "அம்மா, இந்தச் சுவரைப் படமெடுத்துக் கொள்ளலாமா?" என்னும் ஒரு கேள்வி போதும். வேண்டா என்றால் எடுக்காதீர்கள். நம் வீட்டுத் தாய்மாரைக் கேளாமல் பிறர் படமெடுத்துச் செல்லும்போது நாம் அடையும் சினத்தை நினைவிற் கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் தனியே செல்லாமல் குழுவாகச் செல்வதும், ஆசிரியர் ஒருவர் உடன் செல்வதும் நலம்.

ஓவியருக்கும் உரிமை உண்டு. பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வெளிப்படையாக இடமளிக்கிறது; சுவரோவியத்திற்கு அவ்வாறு வெளிப்படையான விலக்கை அது கூறவில்லை. ஆகவே, நீங்கள் கற்பதற்கும் ஆராய்வதற்கும் எடுப்பது வேறு. அச்சிட்டு வெளியிடுவது வேறு. வெளியிடும்போது ஓவியரின் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் அச்சிட வேண்டும். பெயர் மறைக்கப்பட்ட உழைப்பின் வலியை நம்மினும் அறிந்தவர் எவர்? நாமே ஓர் உழைப்பாளியின் பெயரை மறைக்கலாமா?

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக, சங்கத்தின் பொறுப்பாளர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, நம் நூலகத்தில் இப்படங்களுக்கென ஒரு பீரோவும், கணினியில் ஓர் இடமும் ஒதுக்குங்கள். கைப்பேசி தொலையும், பழுதாகும். ஆகவே சிறந்த படங்களைத் தாளிலும் அச்சிட்டுக் குறிப்புடன் ஒட்டி வையுங்கள். இரண்டு, ஆண்டுதோறும் அண்ணல் பிறந்த நாளாகிய ஏப்ரல் 14-ஐ ஒட்டி, அதே சுவர்களை அதே இடத்தில் நின்று மீண்டும் படமெடுக்கச் செய்யுங்கள். எந்த ஓவியம் புதுப்பிக்கப்பட்டது, எது மங்கியது, எது மறைந்தது என்பதை ஆண்டு வரிசையே எடுத்துரைக்கும். மூன்று, நம் பகுதியில் இன்றும் தூரிகை பிடிக்கும் ஓவியர்களை மேடைக்கு அழைத்துச் சிறப்புச் செய்யுங்கள். பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், சங்கக் கட்டிடத்தின் வெறுஞ்சுவர் ஒன்றை உரிய கூலியுடன் அவர்களுக்கு அளியுங்கள். அதில் யாரை வரைவது என்பதை மாணவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் பழைய நூல்களையும், பிறர் குப்பை என்று எறிந்த துண்டறிக்கைகளையும், அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். இன்று அவர் பெயரால் சென்னையில் விளங்கும் ஆராய்ச்சி நூலகத்தை நாடிப் பல நாட்டு அறிஞர்கள் வருகின்றனர். தனி ஒருவரால் அது இயன்றதெனில், ஒரு சங்கத்தால், நூற்றுக்கணக்கான மாணவர்களால் எவ்வளவோ இயலும். நம் பெற்றோர் தலைமுறைக்குப் புகைப்படம் என்பது அடையாள அட்டைக்கும் திருமணத்திற்கும் மட்டுமே வாய்த்தது. உங்கள் தலைமுறையில் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் கருவி உள்ளது. கருவி கைக்கு வந்த பின்னும் குறித்து வைக்கவில்லை என்றால், பின்வருவோர் நம்மைப் பொறுக்கமாட்டார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். தொலைவிற்குச் செல்ல வேண்டா. உங்கள் தெருமுனையில் உள்ள சுவரே முதற் சுவராகட்டும்.

 வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!